இரட்டை விழுந்த கல்யாணப் படம்

என் மாமியார் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி சிஸ்டர். ஓய்வெல்லாம் பேருக்குத்தான். வீட்டில் எது கெட்டாலும் அது அவருக்கு வார்டில் வந்து படுத்த நோயாளி. ஐஸ்பெட்டி முனகினால் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்பார். மிக்ஸி நின்றுபோனால், "கடைசியா என்ன அரைச்ச? அப்ப சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று எனக்கு விசாரணை நடக்கும். ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். "ரெண்டு மருந்தையும் சேத்துக் குடுத்துட்டு எது கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்லுவ?" என்பார். நானோ ஓங்கி ஒரு தட்டு தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற கட்சி. பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு ஒன்றும் விற்காமல் வீடு திரும்புகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

நாங்கள் இருப்பது கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில், ஐந்து வீடுகள் ஒட்டிக் கட்டிய ஒரு வரிசையில். எங்களுடையது இந்த முனை. என் கணவர் கப்பலில் இன்ஜின் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி கடலில்தான். அதனால் வீட்டில் பெரும்பாலும் அத்தையும் நானும்தான். எங்களோடு ஒரு பழைய டிவியும் இருக்கிறது. மரப்பெட்டி, இழுத்துச் சாத்தும் கதவு, அடியில் நான்கு கால். என் மாமனார் வாங்கியது. ஏரியல் ஒளிபரப்பை நாடு முழுக்க நிறுத்திய பிறகு அதில் ஒன்றும் வராது. கீழே இருக்கிற வீடியோ பிளேயரில் டேப் போட்டால் மட்டும் படம் தெரியும். அதையும் இப்போது யாரும் போடுவதில்லை. மாமனார் போன பிறகு அது பூச்சாடி வைக்கும் மேசையாகிவிட்டது. தூக்கிப் போடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்று அத்தை கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் செலாயாங்கிலிருந்து போன் வந்தது. பேசியது அத்தையின் அண்ணன் மகள். அப்பாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள், உங்களைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறார் என்று சொன்னாள் அந்தப் பெண். அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நான் எதுக்கு?" என்றார் அத்தை.

"உங்க கல்யாணத்தைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருக்காரு அத்தை. பாத்தேன், பாத்தேன்னு சொல்றாரு. தாலி கட்டுனப்ப எல்லாரும் சாஞ்சு நின்னாங்கன்னு சொல்றாரு. மூளையில அடி, அப்படித்தான் பேசுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஒருக்க வந்துட்டுப் போங்களேன்."

அத்தை போனை வைத்தார்.

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும். அத்தையின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இந்த வரிசை கட்டும்போதே இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வீடு பதிந்து வைத்தார். மகளுக்கு இந்த முனை, மகனுக்கு அந்த முனை, நடுவில் மூன்று வீடு. அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அத்தையோ ஆஸ்பத்திரிக்குத் தினமும் மருந்து இறக்க வந்த லோரிக்காரரைத்தான் கட்டுவேன் என்று நின்றார். அவர்தான் என் மாமனார். "அவனைக் கட்டினா உன் கல்யாணத்துக்கும் வர மாட்டேன், உன் வாசலையும் மிதிக்க மாட்டேன்" என்றாராம் அண்ணன். சொன்னபடியே செய்தார். கல்யாணத்தில் அண்ணன் நின்று பொரி அள்ளிக் கொடுக்கவேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் ஒருவரை நிறுத்தி முடித்தார்கள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள், ஒரே பாசாரில் மீன் வாங்கினார்கள், ஒரே பஸ்ஸுக்கு நின்றார்கள். பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போகவும் மனசில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அதற்கே அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சில்லை. பின்னால் அவர் மனைவி இறந்ததும் வீட்டை விற்றுவிட்டுச் செலாயாங்கிற்கு மகளோடு போய்விட்டார். என்ன ஜென்மங்களோ.

போனை வைத்த கையோடு அத்தை அலமாரியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒரு வீடியோ டேப்பை எடுத்தார். அவருடைய கல்யாண டேப். "பாத்தானாம்ல? எப்படிப் பாத்தான்? மண்டபத்துக்குப் பின்னாடி எங்கயாச்சும் ஒளிஞ்சு நின்னானா?" என்று என்னைக் கேட்டார். நான் அப்போது பிறக்கவே இல்லை.

"அவன் வந்திருந்தா இதுல தெரிவான். வந்திருந்தா நான் போய்ப் பாக்குறேன். வரலைன்னா சாவுக்கும் போக மாட்டேன்."

அத்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அந்த டேப்பை அத்தை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாமனார் வருஷா வருஷம் கல்யாண நாளில் அதைப் போடுவாராம். அத்தை சமையல்கட்டுக்குப் போய்விடுவாராம். "பொரி போடுற எடம் வரும்ல. அதை எவ பாப்பா?" என்றார். ஆளே இல்லாத ஹாலில் படம் ஓடுமாம், முடிந்ததும் மாமனார் எழுந்துபோய் அணைப்பாராம். கிறுக்கு மனுஷன் என்று திட்டியிருக்கிறார்.

பூச்சாடியை இறக்கினோம். டிவி உடனே உயிர் பெற்றுவிட்டது. வீடியோ பிளேயரும் டேப்பை விழுங்கி ஓடத் தொடங்கியது. நான் கைதட்டப் போனேன். படம் வந்தது, ஆனால் இரட்டையாக. ஒவ்வொரு உருவத்துக்கும் வலது பக்கம், ஓர் அரிசியின் அகலம் தள்ளி, அதே உருவம் இன்னொரு முறை மங்கலாக நின்றது. முன்னால் இருப்பவர்களை எப்படியோ அடையாளம் சொல்லிவிடலாம். பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கு முகமே இல்லை, கண்ணும் மூக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கலவரம். அண்ணன் வந்திருந்தால் அந்தப் பின்வரிசையில்தான் நின்றிருப்பார்.

வழக்கம்போல நான் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார்.

"நோயாளியை அடிக்கிற சிஸ்டரை எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

பிரிக்பீல்ட்ஸில் டேப்பைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை இருக்கிறது என்றேன். கொடுத்தால் கிடைக்க இரண்டு வாரம் ஆகும், அங்கே கிடக்கிற மனுஷனுக்கு இரண்டு வாரம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவும் போக, ஒரே ஒரு டேப், யார் கையிலும் கொடுக்கமாட்டாராம். சரி, இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நான் குரலை உயர்த்தினேன். ஒருவர் உயிரை விடப்போகிறார், நாம் டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அத்தை என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஆனால் அதன்பிறகு அவர் வேலை செய்ததைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் எங்கோ போய்விட்டது. முதலில் கல்யாண டேப்பை எடுத்துவிட்டு, என் கணவர் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் டேப்பைப் போட்டார். அதிலும் இரட்டை. ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தார். அதே இடைவெளி. "எல்லா டேப்லயும் ஒரே அளவு தள்ளி நிக்குது. டேப் மேல குத்தமில்ல." டேப் தப்பித்தது. அடுத்து, டேப் ஓடாதபோது வீடியோ பிளேயர் காட்டுகிற வெறும் நீலத் திரையையும் அதன் மூலையில் வரும் கடிகார எண்களையும் பார்த்தார். எண்களிலும் இரட்டை. டேப்பைப் படிக்கும் தலையில் கோளாறு என்றால், டேப்பே இல்லாமல் பிளேயர் எழுதுகிற கடிகாரத்தில் எப்படி வரும்? பாதிப் பிளேயர் தப்பித்தது. மிச்சம் இருப்பது டிவியும், இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயரும். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "இதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு? ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிப் பாரு, கடைசியா உள்ள நிக்கிறவன்தான் திருடன்." வார்டில் ஐம்பது கட்டிலை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வயரில் ஒரு வேடிக்கை இருந்தது. வீடியோவிலிருந்து டிவிக்கு நேராக வயர் போகவில்லை. வீடியோவின் வயர் சுவருக்குள் போய்க் கூரைக்கு ஏறியது. டிவிக்கு இன்னொரு வயர் கூரையிலிருந்து இறங்கியது. ஏன் இப்படி ஊரைச் சுற்றவேண்டும் என்று கேட்டேன்.

அத்தை சொன்னார். அந்த நாளில் இந்த வரிசையில் வீடியோ பிளேயர் வைத்திருந்தது மாமனார் மட்டும்தான், ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது. சனிக்கிழமை படம் போட்டால் அக்கம்பக்கத்துச் சனம் மொத்தமும் எங்கள் ஹாலில். வார்டில் வேலை முடித்து வருகிற அத்தைக்கு வீட்டில் கால்நீட்ட இடமிருக்காது. ஒருநாள் பொங்கிவிட்டார். உடனே மாமனார் கூரைக்குள் ஏறி, நடு வீடுகள் மூன்றுக்கும் வயர் இழுத்துவிட்டார். இங்கே டேப் போட்டால் அவரவர் வீட்டு டிவியில் படம் வரும். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, பஞ்சாபி வீடு, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே தமிழ்ப்படம் பார்த்திருக்கிறார்கள். சண்டைக் காட்சியில் வரிசை முழுக்கச் சத்தம் கேட்குமாம். மாமனாரின் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் இடைவேளை.

டிவியா, கூரை வயரா? அதைக் கண்டுபிடிக்க வீடியோவையும் டிவியையும் கூரைக்கு அனுப்பாமல் நேராகச் சேர்த்துப் பார்க்கவேண்டும். வீடியோவில் உருண்டை பிளக், டிவிக்குப் பின்னால் தட்டை வயரை மாட்டுகிற இரண்டு திருகு. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு சின்னச் சாமான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூருக்குப் போய், பூடுவில் மின்சாமான் கடைகள் இருக்கிற ஜாலான் பாசார் பக்கம் அலைந்தோம். நான்கு கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு சீன அங்கிள் சிரிக்கவில்லை. அத்தையிடம் மலாயிலும் ஆங்கிலத்திலுமாகக் கேள்வி கேட்டார், அத்தையும் நோயின் வரலாறு சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். இரட்டை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எப்போதிருந்து. அங்கிளுக்கு அத்தையை மிகவும் பிடித்துவிட்டது. உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டின்னைக் கிளறி அந்தச் சாமானைக் கொண்டுவந்தார். கூடவே இரண்டு கால் வைத்த, மிளகு அளவு துண்டு ஒன்றையும் கொடுத்தார்.

"டிவி நல்லா இருந்தா, கூரையில எங்கயோ ஒரு வயர் முனை சும்மா தொங்குதுன்னு அர்த்தம்," என்று விளக்கினார். "வயர் முடியுற இடத்துல டிவி இருந்தா, படத்தை அது வாங்கிக்கும். டிவி இல்லைன்னா போன படம் வழி தெரியாம திரும்பி வந்துடும், கொஞ்சம் லேட்டா. அதான் ரெண்டாவது படம். முனையைக் கண்டுபிடிச்சு இந்தத் துண்டை மாட்டுங்க, நின்னுடும்."

அத்தை அங்கேயே மறுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு வீடியோ வாங்கியபோது, என் மாமனார் சட்டைப் பையில் இதேமாதிரித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மூன்று முனையையும் மூடினார், தானே பார்த்ததாகச் சொன்னார். அங்கிள் தோளைக் குலுக்கினார். வயர் பொய் சொல்லாது ஆன்டி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவையும் டிவியையும் நேராகச் சேர்த்தோம். டேப் ஓடியது. இரட்டை இல்லை. பளிச்சென்று ஒற்றைப் படம். மாலையின் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. அத்தை இருபத்தெட்டு வயதில் என்ன ஓர் அழகு, என்ன ஒரு முறைப்பு. அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பின்வரிசை வரும்போதெல்லாம் நிறுத்தி, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டு, இவர் இன்னார் இவர் இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பொரி போடும் இடம் வந்தது. அவர் எழுந்து போகவில்லை. சித்தப்பா மகன் அசட்டுச் சிரிப்போடு பொரியைக் கொட்டினார். அத்தையின் கை புடவை முந்தானையைப் பிடித்துக் கசக்கியது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

டேப் முடியும்வரை பார்த்துவிட்டார். அண்ணன் இல்லை. வாசலிலும் இல்லை, பந்தியிலும் இல்லை, செருப்பு விடுகிற இடத்திலும் இல்லை.

"வரல," என்றார். "நான் போகல."

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. இத்தனை பாடுபட்டுப் படத்தைத் தெளிய வைத்து, கடைசியில் கதவைச் சாத்துவதற்குத்தானா? எரிச்சலில் ரிமோட்டும் இல்லாத அந்தப் பிளேயரில் டேப்பைப் பின்னால் ஓட்டினேன், தாலி கட்டும் இடத்தையாவது இன்னொரு தடவை பார்ப்போம் என்று. அங்கே கேமராக்காரர் ஏறி நின்ற ஸ்டூலை யாரோ இடித்திருக்கவேண்டும். படம் சட்டென்று ஒரு பக்கம் சரிந்து, அப்படியே நின்றது. மாமனார் தாலி கட்டுகிறார், ஐயர், சொந்தக்காரர்கள், குத்துவிளக்கு எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார்கள்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார்.

"மண்டபத்துல எவனும் சாயல," என்றார் மெதுவாக. "இதுலதான் சாஞ்சிருக்கு. அவனுக்கு மூளை கலங்கல. அவன் இந்த டேப்பைப் பாத்திருக்கான்."

"யாராச்சும் குடுத்திருப்பாங்க அத்தை."

"ஒரே டேப். என் அலமாரியை விட்டு வெளிய போனதே இல்ல. இந்த வீட்டுலதான் ஓடிச்சு. அவன் எங்க உக்காந்து பாத்தான்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

ஏணி வைத்து ஏறியது நான்தான். சீலிங்கில் இருக்கிற பலகையைத் தள்ளி, போன் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். அப்பப்பா, என்ன தூசி. எங்கள் வரிசை வீடுகளுக்குக் கூரை ஒன்றே, நடுச்சுவர்கள் ஓடுவரை போகாமல் பாதியில் நின்றுவிடும். மாமனாரின் தட்டை வயர் மரச்சட்டத்தில் கிளிப் அடித்து, நேர்க்கோடாக அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. அதற்குமேல் நகர இடமில்லை. கீழே இறங்கி, தலையில் ஒட்டடையோடே இரண்டு பேரும் மாமனாரின் வயர் முடிகிற நாலாவது வீட்டுக்குப் போனோம். அங்கே இருக்கும் மக்சிக், ஒரு மலாய்க்கார அம்மா, எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு முதலில் டீ குடிக்கச் சொன்னார், அப்புறம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாமனார் அந்த வீட்டுக்கு இறக்கிய கிளை வயரின் நுனியில் மிளகுத் துண்டு மாட்டி, துணி டேப் சுற்றி அழகாக மூடியிருந்தது. அத்தை சொன்னது சரிதான்.

ஆனால் தாய் வயர் அங்கே நிற்கவில்லை. அதன் முனையில் இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். அது கடைசி வீட்டுப் பக்கம் போனது. சேர்த்த இடத்தைப் படமெடுத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய அண்ணன் வாழ்நாள் முழுக்கத் தொலைபேசிக் கம்பம் ஏறி வயர் இழுத்தவர்.

"அவன் முறுக்கு," என்றார். "சின்னதுல எங்க அப்பா ரேடியோவுக்கு இப்படித்தான் முறுக்குவான்."

கடைசி வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பது தமிழ்நாட்டிலிருந்து விசாவில் வந்த ஓர் என்ஜினியர் தம்பி. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் ஹால் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரிலிருந்து ஒரு சாண் தட்டை வயர் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தலையணை உறை காய்ந்தது. "இதுவா ஆன்டி? என்னன்னே தெரியல. இழுத்தா வரல, அதான் விட்டுட்டேன்."

அத்தை உறையை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தார். பிறகு என்னை வீட்டுக்கு விரட்டினார். வீடியோவைப் பழையபடி சுவர் வயரில் மாட்டி, டேப்பைப் போட்டு, திரையைப் பார்த்தபடி போனில் இருக்கவேண்டும். ஒன்றைச் சோதிக்காமல் முடிவு சொல்ல அவரால் முடியாது.

மாட்டினேன். இரட்டை திரும்ப வந்துவிட்டது. போனை எடுத்தேன்.

"இப்ப?" என்றார்.

"போயிடுச்சு அத்தை. ஒத்தையா இருக்கு."

"துண்டை எடுத்துட்டேன். இப்ப?"

"வந்துடுச்சு."

"இப்ப?"

"போயிடுச்சு."

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. திரையில் படம் இரட்டையாவதும் ஒற்றையாவதுமாக இருந்தது. அந்த முனையில் உட்கார்ந்து அவர் அந்தச் சின்னத் துண்டை வைத்து வைத்து எடுக்கிறார் என்று புரிந்தது. இங்கே படம் எப்போதிருந்து இரட்டையாக விழுந்தது என்று அங்கிள் கேட்டபோது, அத்தை சொன்ன பதில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழெட்டு வருஷமா, மகன் லீவில் வந்து டேப் போட்டபோது பார்த்தேன், அதற்கு முந்தின லீவில் நல்லாத்தான் இருந்தது என்றார். அதாவது, அண்ணன் டிவியைக் கழற்றிக்கொண்டு செலாயாங் போன பிறகு. அதற்கு முன்னால் இத்தனை வருஷமும் படம் ஒற்றையாகத் தெரிந்தது என்றால், அந்த வயரின் நுனியில் அவர் டிவி இருந்தது.

அத்தை நடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். முகம் சிவந்து கிடந்தது.

"நாலாவது வீட்டு முனையை மூட வந்த மனுஷன், அதுக்கு அப்பால போற வயரைப் பாக்காமயா இருந்திருப்பாரு? வெட்டி விட்டிருக்கணும்ல? வெட்டல." மாமனாரைத்தான் சொல்கிறார். "கல்யாண நாளைக்குக் கல்யாண நாள் ஆளில்லாத ஹால்ல டேப்பைப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு, கிறுக்கு கிறுக்குன்னு திட்டினேன். ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து என்னை ஏமாத்தியிருக்கானுங்க."

சொல்லிவிட்டு அழுதார். மாமனாரை எடுத்துப்போன அன்றுகூட இப்படி அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், நானும்தான் அழுதேன். இந்த மாதிரி ஒரு மனுஷியோடு ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கிடைத்த பதில் தனக்குப் பிடிக்காததாக இருந்தபோதும், இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது என்று கூரைவரை ஏறிப் பார்க்க வைத்தவர் அவர்தானே. நானாக இருந்தால் படம் தெளிந்ததும் கதையை முடித்திருப்பேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "காடியை எடு" என்று கார்ச் சாவியைக் காட்டினார்.

"வந்திருந்தாத்தான் போவேன்னு சொன்னீங்க?" என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"உன்கிட்ட சாவி எடுக்கச் சொன்னேன், கேள்வி கேக்கச் சொல்லல."

செலாயாங்கில் மகளுடைய பிளாட்டில், ஜன்னலோரம் ஒரு கட்டிலில் படுத்திருந்தார் பெரியவர். உடம்பு பாதியாகியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தங்கையைக் கண்டதும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. அத்தை முதலில் நாடி பார்த்தார். தலையணை இப்படி வைத்தால் மூச்சு எப்படி விடுவார் என்று அந்தப் பெண்ணைக் கடிந்தார். எங்கள் இரண்டு பேரையும் பிடிக்கச் சொல்லி அவரைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்து, துணியைச் சரி செய்தார். எல்லாம் முடிந்த பிறகு கட்டிலுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கூரைக்கு மேல வயர் இழுத்து என் கல்யாணத்தைப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு, மூணு வீட்டைத் தாண்டி நடந்து வரத் தெரியலையா?"

பெரியவர் அவரையே பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மகள் குனிந்து வாயருகே காதை வைக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று விரலை ஆட்டினார். மறுபடி முயன்றார்.

"நீயும்... நடக்கலையே... பாப்பா."

நான் தரையைப் பார்த்தேன். இப்போது அத்தை வெடிப்பார், திரும்பி நடப்பார், காடியை எடு என்பார் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார் அத்தை. "நானும் நடக்கல."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்ததும், சூடு பார்த்து, கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, நல்ல பக்கமாக வாயில் வைத்து, அவர் விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கிண்ணம் இறங்கிய பிறகுதான் நான் இருப்பது ஞாபகம் வந்ததுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ கிளம்பு. போய் என் துணி நாலு எடுத்துட்டு வா. நான் இங்கதான் இருக்கப் போறேன்."